உயரமான நெற்றி: தோலை முன்னிழுப்பதா, முடி நடுவதா?

கேள்வி:
புருவத்திலிருந்து முடிக்கோடு வரை 7.5 செ.மீ. இருக்கிறது. பெண், சிறு வயதிலிருந்தே இப்படித்தான், கொட்டியதல்ல. 2 செ.மீ. இறங்கினால் போதும். இரு பக்க மூலைகளும் சற்று உள்வாங்கியிருக்கின்றன. தலைத்தோலை வெட்டி முன்னால் இழுக்கும் அறுவையா, எஃப்யூஇ முறையில் (பின்னந்தலையிலிருந்து முடியை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து) முடி நடுவதா, எது பொருந்தும்?

பதில் 1:
தோல் எவ்வளவு தளர்வு என்பதுதான் முதல் கேள்வி. முடிக்கோட்டில் விரலை அழுத்தி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். தாராளமாக நகர்ந்தால் ஒரே அறுவையில் 2 செ.மீ. கிடைக்கும். இறுகியிருந்தால் தோலுக்கடியில் பலூன் வைத்து, சில வாரங்கள் உப்புநீர் ஏற்றி விரித்த பிறகே இழுக்க முடியும். அதுவரை தலை புடைத்துத் தெரியும்.

வெட்டும் விதத்தை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். கத்தி சாய்வாக இறங்கி முடிவேர்களை விட்டுவைத்தால், தழும்பின் ஊடே முடி முளைத்து அதை மறைக்கும். வெட்டுக்கோடும் நெளிநெளியாகப் போக வேண்டும். நேர்கோடு கண்ணில் குத்தும். இழுத்த தோலின் உள்ளடுக்கை மண்டையோட்டில் பிணைக்காமல் மேல்தையலையே தாங்கவிட்டால், தழும்பு அகலும், கோடு பின்னால் நழுவும். புகைப்பவர் சில வாரங்கள் முன்பே நிறுத்தாவிட்டால் ரத்தம் போதாமல் தோல் ஓரம் கருகலாம். உச்சந்தலை மரத்துப்போவது பல மாதம் நீடிக்கும்.

பதில் 2:
நடுவதானால் கணக்கு இது: 12 செ.மீ. அகலம், 2 செ.மீ. இறக்கம், ஆக 24 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 40 முதல் 50 கிராஃப்ட் (வேரோடு எடுத்த ஒன்றோ சிலவோ முடி கொண்ட சிறு துண்டு) வைத்தால் 960 முதல் 1200. இயற்கை அடர்த்தி இதைவிட அதிகம், அதனால் பின்னாலிருக்கும் முடியோடு ஒப்பிட்டால் மெலிவு தெரியக்கூடும். முன்வரிசையில் ஒற்றைமுடி கிராஃப்ட் மட்டும், அதுவும் மெல்லிய முடியாக, முன்னோக்கிச் சாய்த்து. தடித்த முடியைச் செங்குத்தாக வைத்தால் பொம்மைத் தலைதான். நட்ட முடி சில வாரங்களில் உதிரும், பயப்பட வேண்டாம். 3, 4 மாதத்தில் முளைக்கும், முழுப் பலனுக்கு ஓராண்டு.

மூலைகளை இழுப்பு அறுவை சரிசெய்யாது. தோல் தளர்வாக இருந்தால் உங்களுக்கு என் தேர்வு: முதலில் இழுப்பு, குறைந்தது ஆறு மாதம் கழித்து மூலைகளுக்கும் தழும்புக்கும் சில நூறு கிராஃப்ட்.

பதில் 3:
முடிக்கோட்டுத் தோல் வெளிறி வழவழப்பாகவோ, முடியடியில் சிவப்பாகவோ, புருவம் மெலிந்தோ இருக்கிறதா? இருந்தால் முதலில் தோல் மருத்துவரிடம் டெர்மோஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பாருங்கள், தேவைப்பட்டால் பயாப்ஸியும் (சிறு தோல்துண்டு எடுத்துச் செய்யும் சோதனை). வேரையே அழிக்கும் அழற்சி என்றால் நட்டதும் போகும், இழுத்த கோடும் பின்வாங்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தம்பிக்கு 24 வயது, முன்முடி குறைந்துகொண்டே போகிறது. அவனுக்கும் இழுப்பு சரிவருமா?

பதில் 1:
வேண்டாம். ஆண்வழுக்கை தொடர்ந்தால் முடி பின்னால் போய்விடும், தழும்பு நெற்றி நடுவில் தனியாக நிற்கும். மருத்துவர் மேற்பார்வையில் வழுக்கைக்கான மருந்துகளான பினாஸ்டரைடு, மினாக்ஸிடில் எடுத்து ஓராண்டு கவனிக்கட்டும். உதிர்வு நின்றபின் நடலாம், ஆனால் கோட்டை மிகவும் தாழ்த்தாமல். பின்னந்தலை முடிக்கு ஓர் அளவு உண்டு, நாற்பது வயதில் உச்சிக்கும் அது தேவைப்படும்.