லண்டனில் ஓக் மரத்தடியில் உட்காருமுன்: புதிதாக வந்தவர்களுக்கு மயிர்க்கொட்டி பற்றி

பூங்காவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்த அன்றிரவே கழுத்தும் முழங்கையும் தடித்துச் சிவந்துவிட்டன என்றும், கடையில் வாங்கிய இறால் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்றும் புதிதாக வந்த ஒருவர் எழுதியிருந்தார். மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை வரையான காலத்தில், அதுவும் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தவர் என்றால், இறாலைக் குறைசொல்லுமுன் மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது நல்லது.

ஓக் புரொசெஷனரி மாத், அதாவது ஓக் மரத்து ஊர்வலப் பூச்சி, என்று இங்கே சொல்லப்படும் அந்துப்பூச்சி ஐரோப்பியப் பெருநிலத்துக்கு உரியது. இறக்குமதியான ஓக் கன்றுகளோடு வந்து, 2006இல் மேற்கு லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டு, இன்று லண்டன் பெருநகரிலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் நிலைகொண்டுவிட்டது. முட்டையிலிருந்து ஏப்ரலில் வெளிவரும் புழுக்கள் ஒன்றன் வாலை ஒன்று தொட்டபடி வரிசையாக ஊர்ந்து இலை மேயப் போய், அதே வரிசையில் கூட்டுக்குத் திரும்புவதால்தான் இந்தப் பெயர்.

நம்மில் பலருக்கு இது புதிய காட்சியாகத் தோன்றாது. ஊரில் முருங்கை மரத்தின் அடிப்பகுதியில் கொத்தாக அப்பிக்கொண்டிருக்கும் மயிர்க்கொட்டியை, தமிழ்நாட்டார் கம்பளிப்பூச்சி என்பதை, தடியில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தியவர்கள்தாமே நாம். (முருங்கைக்காயை இங்கே காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது, மயிர்க்கொட்டி மட்டும் இலவசமாகக் கிடைக்கிறது.) அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். புழுவின் மேல் கண்ணுக்குத் தெரியும் நீண்ட வெள்ளை மயிர்கள் உண்மையில் அவ்வளவு பொல்லாதவை அல்ல. அவற்றுக்கிடையே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத, கொக்கி போன்ற முட்களை உடைய நுண்மயிர்கள் ஒரு முதிர்ந்த புழுவில் 60,000க்கும் மேல் இருக்கின்றன. அவற்றிலுள்ள தௌமெட்டோபோயின் என்னும் புரதமே தோலையும் கண்ணையும் தொண்டையையும் அரிக்கச் செய்கிறது. தீ வைத்தாலும், குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினாலும், விளக்குமாற்றால் தட்டினாலும் அவை காற்றில் கிளம்பி, நம் வீட்டுக்குள் மட்டுமல்லாமல் பக்கத்து வீட்டுக்குள்ளும் போகும். புழுக்கள் போன பிறகும் வெறுங்கூட்டில் தங்கியிருக்கும் மயிர்களின் வீரியம் ஆண்டுக்கணக்கில் குறைவதில்லை.

நான் அருகில் பார்த்த கூடு, அடிமரத்திலிருந்து கிளை பிரியும் இடத்தில், இடியாப்பத் தட்டளவில், வெள்ளைப் பட்டுநூல் பூசினாற்போல் ஒட்டியிருந்தது. சில வாரங்களில் அது பழுப்பேறி, மரப்பட்டையின் நிறத்தோடு கலந்துபோனது. வேலியிலோ பூச்செடியிலோ வெண்வலை படர்ந்திருந்தால் பெரும்பாலும் அது வேறு ஏதோ தீங்கற்ற பூச்சியின் வேலை. இந்தப் பூச்சி கூடு கட்டுவது ஏறக்குறைய ஓக் மரத்தில் மட்டுமே என்பதால், அலையலையாக விளிம்பு வளைந்த அந்த இலையை அடையாளம் காணப் பழகிக்கொண்டால் போதும்.

மயிர் பட்டுவிட்டால் சொறியவோ தேய்க்கவோ வேண்டாம். ஒட்டும் செலோடேப்பைத் தோலில் மெல்ல ஒற்றி எடுத்தால் மயிர்களில் பல அதனோடு வந்துவிடும். பிறகு நிறையத் தண்ணீரில் கழுவி, உடுத்தியிருந்த துணியை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் வெந்நீரில் துவைக்க வேண்டும். அரிப்புக்கு எந்த மாத்திரை, எந்தக் களிம்பு என்று மருந்துக்கடைக்காரரிடமே கேட்கலாம். கண்ணில் பட்டாலோ தடிப்பு பரவினாலோ மருத்துவ ஆலோசனைக்கான 111ஐ அழையுங்கள். மூச்சுத் திணறினால் யோசிக்காமல் அவசர உதவிக்கான 999.

வாடகை வீட்டுத் தோட்டத்தில் கூடு தெரிந்தால் வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். மரத்தைக் கவனிப்பது அதன் உரிமையாளர் பொறுப்பு. வனத்துறையான ஃபாரஸ்ட்ரி கமிஷனுக்கு டிரீஅலர்ட் இணையப் படிவம் வழியாக, தள்ளி நின்று எடுத்த படத்தோடு யாரும் தகவல் தரலாம். குடியுரிமை, விசா எதுவும் அதற்குத் தேவையில்லை. கூட்டை அகற்றுவது பயிற்சியும் பாதுகாப்பு உடையும் உள்ளவர்களின் வேலை.

பிரான்சின் தெற்கிலும் ஸ்பெயினிலும் குடியேறியவர்களுக்கு ஒன்று: உங்களுடையது பைன் மரத்து இனம், குளிர்காலக் கடைசியில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், மண்ணுக்குள் புதைய வரிசையாகத் தரையிறங்கி வரும். மோந்து பார்க்கும் நாயின் நாக்கு வீங்கிச் சதை அழுகிவிடுவதும் உண்டு என்பதால், அந்த மாதங்களில் பைன் மரங்களின் கீழே அதைக் கயிற்றில் பிடித்தே நடத்துங்கள். வாயை வைத்துவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

லண்டன்காரர்களே, பின்கட்டில் கூடு கட்டிய ஓக் மரம் நின்றால், வெயில் அடிக்கிறதே என்று அதன் கீழே துணி காயப்போடாதீர்கள். இறால் மேல் பழி போட்டவரின் துண்டும் பூங்காவில் அப்படியொரு மரத்தடியில்தான் விரித்திருந்ததாம்.