ஃப்ரீசரில் வைத்த தக்காளி குழைகிறது, பீன்ஸ் நாறுகிறது: எங்கே தப்பு?

கேள்வி
4 கிலோ தக்காளி சேர்ந்துவிட்டது, கூடவே பீன்ஸும் பச்சைப் பட்டாணியும். போன தடவை தக்காளியை நறுக்கி ஒரே கவரில் போட்டேன். பாறையாக ஒட்டிக்கொண்டது, இளகியதும் தண்ணீர் வேறு, சக்கை வேறு. பீன்ஸில் இரண்டே மாதத்தில் வைக்கோல் வாடை. எப்படி வைப்பது?

பதில் 1
குழைவதை முழுக்கத் தடுக்க முடியாது. தக்காளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். உறையும்போது ஐஸ் படிகங்கள் செல்சுவரைக் கிழித்துவிடும். பச்சையாக நறுக்கிச் சாப்பிட இனி ஆகாது, சமைக்க மட்டும்தான். வேகமாக உறைந்தால் படிகம் சிறிது, சேதமும் குறைவு. அதனால் 4 கிலோவையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். 50 லிட்டர் ஃப்ரீசருக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ போதும்.

நறுக்கவே வேண்டாம். கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்புக் குழியைக் கத்திமுனையால் தோண்டிவிட்டு, தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி ஓர் இரவு வையுங்கள். கல்லானதும் ஜிப் கவருக்கு மாற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள். வேண்டும்போது நாலைந்தை மட்டும் எடுத்துக் குழாயடியில் காட்டினால் தோல் தானாகக் கழன்றுவிடும். வடிகிற நீரைக் கொட்டாதீர்கள், புளிப்பு அதில்தான் இருக்கிறது.

பதில் 2
பீன்ஸ் பச்சையாகவே போயிருக்கும். குளிர், காய்க்குள் மாற்றங்களை உண்டாக்கும் நொதிகளை (என்சைம்களை) மந்தமாக்குமே தவிர நிறுத்தாது. அந்த வாடை அவற்றின் வேலை. அரைக் கிலோவுக்கு 4 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். காயைப் போட்டு, மறுபடி கொதி வந்ததிலிருந்து பீன்ஸுக்கு 3 நிமிடம், பட்டாணிக்கு ஒன்றரை. உடனே ஐஸ் தண்ணீரில் அதே நேரம். பிறகு துணியில் பரப்பி உலர்த்துங்கள். இதை அவசரப்பட்டு முடித்தால் மறுபடி பாறைதான். நேரத்தைக் குறைத்தால் நொதி சாகாமல் தூண்டப்படும், அது பிளாஞ்ச் (இப்படிக் கொதிநீரில் போட்டெடுத்து ஐஸ் தண்ணீரில் ஆற்றுவது) செய்யாததைவிட மோசம்.

கேள்வி கேட்டவர்
தக்காளிக்கும் பிளாஞ்ச் வேண்டுமா? விழுதாக்கி வைத்தால் இடம் மிச்சமாகுமே?

பதில் 1
வேண்டாம். விழுது தாராளமாக வைக்கலாம், ஆனால் கொதிக்கவைத்துப் பாதியாகச் சுண்டவிட்டு, நன்றாக ஆறியபின். டப்பாவில் மேலே 2 செ.மீ. காலி விடுங்கள், தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும். கழுத்து குறுகிய கண்ணாடிப் பாட்டில் என்றால் விரிசல் நிச்சயம். ஐஸ் ட்ரேயில் ஊற்றிக் கட்டிகளாக எடுத்துவைப்பது இன்னும் வசதி.

பதில் 3
எல்லாவற்றுக்கும் பிளாஞ்ச் என்று கிளம்பிவிடாதீர்கள். வெங்காயம், குடைமிளகாய், பச்சை மிளகாய் நறுக்கி அப்படியே போகலாம். வெள்ளரிக்காய்க்கு எந்த வித்தையும் பலிக்காது.

ஃப்ரீசருக்குள் ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள்: மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பல நேரம் அதை எட்டாது. அதில் மாதக்கணக்கில் வைக்க முடியாது. காய் வெளுத்து, வறண்டு தெரிந்தால் கவருக்குள் காற்று இருக்கிறது என்று அர்த்தம். கெட்டதில்லை, சுவை போயிருக்கும். அழுகல் தொட்ட பழத்தை மட்டும் உள்ளே விடாதீர்கள். உறையவைப்பதால் கிருமி சாகாது, இளகியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.