மைனரில் ஒரே பியூஸ் திரும்பத் திரும்ப எரிகிறது, முழு வயரிங்கையும் பிடுங்கத்தான் வேண்டுமா?

கல்லடி_மைனர்:

வணக்கம். அப்பாவின் 1965 மொறிஸ் மைனர் 1000. பல வருடமாகக் கொட்டிலில் படங்கு போட்டு மூடிக் கிடந்தது. இந்த வருடம்தான் எஞ்சின் வேலை முடித்து ரோட்டில் இறக்கினேன். எஞ்சின் அருமையாக ஓடுகிறது, தலையிடி முழுவதும் கரண்டில்தான்.

பியூஸ் பெட்டியில் இருப்பது இரண்டே கண்ணாடி பியூஸ். அதில் ஏ3, ஏ4 என்று குறித்த முனைகளுக்கு நடுவில் உள்ளது மட்டும் எரிகிறது. எரிந்ததும் சிக்னல், பிரேக் லைட், வைப்பர், பெற்றோல் மீற்றர் எல்லாம் ஒன்றாக நின்றுவிடும், கார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். சில நேரம் ஒரு பியூஸ் மூன்று நாள் தாங்கும், சில நேரம் வீட்டிலிருந்து கல்லடிப் பாலம் வரைகூடத் தாங்காது. குலுக்கத்தில்தான் எரிகிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் வேகத்தடையிலும் பள்ளத்திலும்தான் அதிகம் எரிந்திருக்கிறது. மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை, நல்ல வெயிலிலும் எரிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இரவில் சைட் லைட் போட்டபடி பிரேக்கை மிதித்தால், வலப்பக்கப் பின் லைட் பிரகாசமாவதை விட்டுவிட்டு மங்குகிறது. இடப்பக்கம் சரியாக எரிகிறது.

ஒரு கராஜில் காட்டினேன். பொனட்டைத் திறந்து, துணி சுற்றிய வயர்களைப் பார்த்த உடனேயே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஜப்பான் கார் வயரிங் செட் ஒன்றைப் போடலாம் என்றார்கள். அதுவரை ஓட்டுவதற்கென்று பியூஸில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றித் தந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி எறிந்தேன். அப்பா பார்த்துப் பார்த்து வைத்திருந்த காரை அப்படிக் கூறுபோட எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் ஒரு மல்டிமீற்றர் இருக்கிறது, வோல்ட் பார்க்கத் தெரியும். எங்கே தொடங்குவது என்று யாராவது சொல்லுங்கள்.

வாவிக்கரை:

தம்பி, அந்தக் கார் பொசிற்றிவ் எர்த். பற்றரியின் பிளஸ் முனைதான் காரின் பொடியில், அதாவது தகட்டு உடலில் பூட்டியிருக்கும். இந்தக் காலத்து ஆட்களுக்கு அது பழக்கமில்லை, மாறிப் பூட்டிவிடுவார்கள். முதலில் அதைப் பாருங்கள். எனக்கென்றால் நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது என்று படுகிறது, போன் சார்ஜர், ரேடியோ எல்லாம் பயமில்லாமல் பூட்டலாம்.

சாகாமம்_ரோட்:

வாவிக்கரை அண்ணன் சொன்ன மாதிரிப் பற்றரியைப் பார்ப்பது சரி. ஆனால் எர்த்தை மாற்றும் வேலையை இப்போது தொடாதீர்கள். ஒரு பழுது இருக்கும்போது இன்னொரு மாற்றத்தையும் செய்தால் எது எதனால் வந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. மாற்றினால் பற்றரியைச் சார்ஜ் பண்ணும் டைனமோவையும் புதிதாகப் போலரைஸ் பண்ண வேண்டும், அதாவது அதன் காந்தத் திசையை மாற்ற வேண்டும், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் கொயிலின் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். அதெல்லாம் பிறகு.

வயரிங்கைப் பிடுங்கவே வேண்டாம். மைனரின் வயரிங் அவ்வளவு எளிமையானது, அதோடு நிறம் பேசும். மண்ணிறம் பற்றரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, திறப்பை (சாவியை) போட்டால் கரண்ட் வருவது, அதற்குப் பியூஸ் இல்லை, அதனால்தான் உங்கள் எஞ்சின் நிற்காமல் ஓடுகிறது. அந்த வெள்ளை ஏ3க்கு வந்து, பியூஸைத் தாண்டி ஏ4இல் பச்சையாக வெளியே போகிறது. பச்சையில் கோடு போட்டவை ஒவ்வொரு கிளை: பச்சை-ஊதா பிரேக் லைட், பச்சை-சிவப்பு இடது சிக்னல், பச்சை-வெள்ளை வலது சிக்னல், பச்சை-கறுப்பு பெற்றோல் மீற்றர். பழுது இந்தப் பச்சைக் குடும்பத்துக்குள்தான் இருக்கிறது. ஜப்பான் செட்டைப் போட்டால் இந்த நிறங்கள் போய்விடும், அடுத்த பழுதுக்கு வருகிறவனுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது.

இப்போது ஒரு கேள்வி. வேகத்தடையில் எரிகிறது, பள்ளத்தில் எரிகிறது என்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் கால் எங்கே இருந்தது? வேகத்தடை வந்தால் எல்லோரும் செய்வது பிரேக் பிடிப்பதுதானே. குலுக்கத்தை மட்டும் பார்க்காமல் அதையும் யோசியுங்கள்.

கண்டுபிடிக்கும் முறை இது. 21 வாட் சிக்னல் பல்ப் ஒன்றை ஹோல்டரில் போட்டு இரண்டு வயர் இழுத்து, பியூஸைக் கழற்றிய இடத்தில் பியூஸுக்குப் பதிலாகப் பூட்டுங்கள். எங்கே ஷோர்ட் ஆனாலும் இந்தப் பல்ப் 1.75 அம்பியருக்கு மேல் விடாது. பியூஸ் எரியாது, வயரும் சுடாது, பல்ப் பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் புதுப் பியூஸ் வாங்கி எரித்துப் பார்க்கும் செலவும் மிச்சம். திறப்பைப் போட்டு எஞ்சின் ஓடாமல் நெடுநேரம் வைத்திருந்தால் கொயில் சூடாகிவிடும், ஆகவே கொயிலுக்குப் போகும் வெள்ளை வயரைக் கழற்றி டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

பிரேக்கை மிதித்துப் பார்ப்பதற்கு முன் பின்னால் இருக்கும் இரண்டு பிரேக் பல்ப்களையும் கட்டாயம் கழற்றுங்கள். கழற்றாவிட்டால் அவை இழுக்கும் கரண்டிலேயே டெஸ்ட் பல்ப் நன்றாக எரியும், ஷோர்ட் என்று ஏமாந்துபோவீர்கள். நான் ஒரு காலத்தில் அப்படி ஏமாந்து ஒரு பகல் முழுவதும் ஒன்றுமில்லாத இடத்தைத் தேடியிருக்கிறேன். பல்ப்களைக் கழற்றிய பிறகும் மிதித்தவுடன் பளிச்சென்று எரிந்தால் பிரேக் சுவிட்சுக்கு அப்பால் பச்சை-ஊதா எங்கோ பொடியில் தொடுகிறது. ஒருவரை மிதித்துக்கொண்டு இருக்கச் சொல்லிவிட்டு, வயர் கட்டை முன்னாலிருந்து பின்னால்வரை கையால் அசைத்துக்கொண்டே போங்கள். வயர் தகட்டு ஓட்டைக்குள்ளால் நுழையும் இடங்களில் உள்ள ரப்பர் வளையங்களைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

வலப்பக்க லைட் மங்குவது வேறு பழுது, அது எர்த். அந்த லைட்டுக்குள் பிரேக்குக்கு 21 வாட், சைட் லைட்டுக்கு 5 வாட், இரண்டு இழைக்கும் திரும்பும் வழி ஒன்றுதான். வழியில் கறள் (துரு) இருந்தால் 5 வாட்டின் கரண்ட் எப்படியோ போய்விடும். பிரேக்கை மிதித்ததும் 21 வாட்டும் அதே வழியால் போகப் பார்க்கும், அங்கேயே வோல்ட் விழுந்துவிடும், இரண்டும் மங்கும். டெஸ்ட் பல்பை எடுத்துப் பியூஸைப் போட்டு, பின் பல்ப்களையும் திரும்பப் பூட்டிவிட்டு, மீற்றரின் சிவப்பைப் பற்றரி பிளஸில் வையுங்கள், கறுப்பை லைட்டின் உலோகக் கூட்டில் வையுங்கள், பிரேக்கை மிதியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் சரியில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நிற்கும் கார், பின் மட்காட் வேறு தனியாகப் போல்ட் போட்டுப் பூட்டுவது, அங்கே கறள் பிடிப்பதில் ஆச்சரியமே இல்லை.

களுவாஞ்சிகுடி_12வோல்ட்:

பியூஸைப் பற்றி ஒன்று. பழைய லூக்காஸ் கம்பனிக் கண்ணாடி பியூஸில் 35 என்று இருந்தால் அது எரியும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர்தான். வேறு நாட்டுக் கண்ணாடி பியூஸ்கள் சிலவற்றில் 35 என்றால் தாங்கும் அளவே 35. கடையில் அப்படிப்பட்டது கிடைத்துப் போட்டால், பியூஸ் எரிவதற்கு முன் வயர் எரியும். 15 அல்லது 17 என்று போட்டது கிடைத்தால் அதை வாங்குங்கள். வெள்ளித்தாளைக் கழற்றினீர்களே, மிகச் சரியான வேலை செய்தீர்கள், இந்தக் கார்களில் துணி சுற்றிய பழைய வயர் ஒரு தடவை தீப்பிடித்தால் கார் மிஞ்சாது.

கல்லடி_மைனர்:

சாகாமம்_ரோட் காக்கா (அண்ணா), கண்டுபிடித்துவிட்டேன்!

பற்றரி சரியாகத்தான் பூட்டியிருந்தது. பல்ப் முறையைச் செய்தேன். திறப்பைப் போட்டேன், பல்ப் எரியவில்லை. பிரேக்கை மிதித்தேன், அப்போதும் எரியவில்லை. மனம் விட்டுப்போனது. பிறகு தம்பியை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லிவிட்டு டிக்கிக்குள் தலையை விட்டு வயர் கட்டை அசைத்தேன், முன்னாலிருந்து தம்பி "எரியுது, எரியுது" என்று கத்தினான். ரப்பர் வளையம் கல்லுப்போல இறுகி வெடித்திருந்தது, பாதி இல்லை. பச்சை-ஊதா தகட்டு விளிம்பில் தேய்ந்து செம்பு தெரிந்தது. அதன் மேல் யாரோ எப்போதோ சுற்றிய டேப் பசையாக உருகியிருந்தது. நீங்கள் கேட்ட கேள்விதான் சரி, எரிந்த ஒவ்வொரு தடவையும் நான் பிரேக் பிடித்திருக்கிறேன், குலுக்கமும் பிரேக்கும் சேர்ந்தால்தான் அது தொட்டிருக்கிறது.

வலது லைட்டில் மீற்றர் 1.9 காட்டியது. கழற்றிச் சுரண்டியதும் 0.3.

சாகாமம்_ரோட்:

சந்தோஷம் தம்பி. தேய்ந்த இடத்துக்கு டேப் மட்டும் சுற்றி விடாதீர்கள். முதலில் பற்றரியின் பிளஸை, அதாவது எர்த் பக்கத்தைக் கழற்றுங்கள். அந்தத் துண்டை வெட்டி, உள்ளே செம்பு கறுத்திருந்தால் மினுங்கும் செம்பு வரும்வரை பின்னுக்கு வெட்டிக்கொண்டு போங்கள், கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. அதே பருமனில் புது வயர் சேர்த்து ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடி, புது ரப்பர் வளையமும் போடுங்கள். சுரண்டிய எர்த்தையும் நம்ப வேண்டாம், நம் ஊர் உப்புக் காற்றுக்கு அடுத்த மாரிக்குள் திரும்பவும் கறள் பிடிக்கும். லைட் கூட்டிலிருந்து தனிக் கறுப்பு வயர் ஒன்று இழுத்துப் பொடியில் நல்ல போல்ட் ஒன்றில் பூட்டி, மேலே கிறீஸ் பூசுங்கள். இடப்பக்கத்துக்கும் அப்படியே.

கல்லடி_மைனர்:

இன்று எல்லாம் முடித்தேன். இரண்டு பக்கமும் கறுப்பு வயர் போட்டாயிற்று, இப்போது மீற்றர் 0.1. 15 அம்பியர் பியூஸ் போட்டு ஆரையம்பதி வரை போய் வந்தேன், வழியில் இருந்த வேகத்தடை எல்லாவற்றிலும் வேண்டுமென்றே அழுத்திப் பிரேக் பிடித்தேன், பியூஸ் எரியவில்லை. அம்மா பின்சீற்றில் இருந்து வந்தா. இன்னும் ஒன்று மட்டும், எஞ்சின் வேகமாக ஓடும்போதும் சிவப்பு சார்ஜ் லைட் மெல்லியதாக எரிந்துகொண்டே இருக்கிறது. டைனமோ, அதைப் பற்றரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்டவுட் சுவிட்ச் இரண்டையும் எப்படிப் பார்ப்பது என்று தனியாகக் கேட்கிறேன் காக்கா.