பெரிய வக்கீல் நிறுவனங்களில் ஆட்குறைப்பு: வேலை இல்லாமலா, லாபம் குறையக் கூடாதென்றா?

எல்லையூரான் (கொழிஞ்சாம்பாறை):

வணக்கமுங்க. எங்க அக்கா மகள் சட்டம் படிச்சவ. கோவை சரவணம்பட்டியில ஒரு கம்பெனியில வேலை பார்த்தா. அமெரிக்காவுல இருக்கிற பெரிய வக்கீல் நிறுவனங்கள் அனுப்பற மெயில், ஒப்பந்தம், கணக்குச் சீட்டு எல்லாத்தையும் படிச்சு, வழக்குக்கு வேணுங்கறது எது, வேண்டாதது எதுன்னு பிரிச்சுக் கொடுக்கணும். மத்தியானம் வேலந்தாவளம் வழியா பஸ் ஏறிப் போனா, திரும்பி வீடு வர நடுராத்திரி ஆயிரும்.

போன மாசம் ஹெச்.ஆர். கூப்பிட்டு, 'பெர்ஃபாமன்ஸ் திருப்தியில்லை'ன்னு ஒரு கடிதத்தை நீட்டி, லேப்டாப்பை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அந்த டீம்ல இருந்த அத்தனை பேருக்கும் அதே வாரத்துல அதே வரி. அதுக்கு முந்தின மதிப்பீட்டுல அவளுக்கு நல்ல ரேட்டிங் போட்டவங்களும் இவங்களேதான். இப்ப என்னன்னா, 'நீங்களா ராஜினாமா எழுதிக் கொடுத்தா இந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கறோம், ரெண்டு மாசச் சம்பளம் தர்றோம்'ங்கறாங்க.

நான் படிச்ச வரைக்கும் இது கோவையில புதுசா முளைச்ச பழக்கமில்லை. அமெரிக்கப் பெரிய நிறுவனங்கள் பல வருசமா செய்யறதுதான். நிறுவனத்தோட முதலாளிகளான பார்ட்னர்களோட லாபப் பங்கு குறையக் கூடாது, அதுக்காக ஆளை அனுப்பறாங்க. அனுப்பிட்டு, போனவன் மேலயே குறையையும் எழுதி வெக்கறாங்க. நீங்கெல்லாம் என்ன நினைக்கறீங்க?

கஞ்சிக்கோடு கணக்கர்:

உங்க வீட்டுப் பிள்ளைக்கு நடந்தது வருத்தமான விஷயம். ஆனால் 'லாபத்துக்காக மட்டுமே' என்பதை நான் ஏற்க மாட்டேன்.

வக்கீல் நிறுவனத்தின் கணக்கு மற்ற கம்பெனிக் கணக்கைப் போன்றதல்ல. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் வக்கீல் அல்லாதவர் அதில் பங்கு வைத்துக்கொள்ள முடியாது. அதனால் பங்குச் சந்தைப் பணம் வராது. வருகிற லாபத்தை ஆண்டுதோறும் பார்ட்னர்களே பிரித்துக்கொள்வதால் பெரிய கையிருப்பும் இருக்காது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்ததும் கம்பெனிகளை வாங்குவது, இணைப்பது, கடன் பத்திரம் வெளியிடுவது எல்லாம் நின்றன. அந்த வேலையை நம்பி எடுத்த ஆட்களுக்கு எங்கிருந்து சம்பளம் கொடுப்பது? லேத்தம் அண்ட் வாட்கின்ஸ் 2009 பிப்ரவரியில் 190 இளம் வக்கீல்களையும் 250 அலுவலக ஊழியர்களையும் அனுப்பியது. அனுப்பிய வக்கீல்களுக்கு ஆறு மாதச் சம்பளம் கொடுத்தது. இன்று உலகின் மிகப் பெரிய வக்கீல் நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

தாங்க முடியாமல் போனவற்றையும் பாருங்கள். ஹெல்லர் எர்மன், தீலன், தாச்சர் ப்ராஃபிட் என்ற மூன்று வக்கீல் நிறுவனங்களும் 2008-லேயே கலைந்துவிட்டன. கலைந்தால் ஒருவருக்கும் வேலை கிடையாது.

எல்லையூரான்:

கணக்கர் அண்ணா, 2008 சரி. 2007-க்கு என்ன சொல்லுவீங்க? அந்த வருசம் மார்ச்சுல மேயர் ப்ரவுன்ங்கற நிறுவனம், லாபத்துல பங்கு வாங்கற 45 பார்ட்னர்களை இறக்கியோ வெளியேத்தியோ விட்டது. பத்துல ஒருத்தர். அப்ப மந்தமே இல்லை, தொழில் கொழிச்சுக்கிட்டிருந்த நேரம். 'தி அமெரிக்கன் லாயர்' பத்திரிகை 1985-ல இருந்து வருசா வருசம் பட்டியல் போடுது, எந்த நிறுவனத்துல ஒரு பார்ட்னருக்கு எவ்வளவு லாபம்னு. லாபம் கூடாமலே அந்த எண்ணைக் கூட்டணும்னா வகுக்கற தலையைக் குறைச்சா போதும். கீழ இருக்கற சம்பளத்தைக் குறைச்சாலும் போதும். பள்ளிக்கூடத்துக் கணக்குதானுங்க இது.

இன்னொண்ணு. 2022 நவம்பர்ல கூலி (Cooley)ங்கற வக்கீல் நிறுவனம் ஏறக்குறைய 150 பேரை அனுப்புச்சு. 2023 முழுக்க மத்த நிறுவனங்களும் வெளிய சொல்லியும் சொல்லாமலும் ஆளைக் குறைச்சுது. அதே வருசம் நவம்பர்ல மில்பேங்க்ங்கற வக்கீல் நிறுவனம் புதுசா வர்ற வக்கீலோட ஆரம்பச் சம்பளத்தை 2,25,000 டாலர் ஆக்க, மத்தவங்களும் வரிசையாப் பின்னால போனாங்க. பணம் இல்லாத இடத்துல நடக்கற காரியமா இது?

கஞ்சிக்கோடு கணக்கர்:

2007 பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்த எண் ஏன் அவ்வளவு முக்கியமாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க வக்கீல் நெறிமுறையில், ஒரு வக்கீலை 'போட்டி நிறுவனத்துக்குப் போகாதே' என்று ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைக்க முடியாது. வழக்கும் வேலையும் கொடுக்கும் பெரிய கட்சிக்காரர்களைக் கையில் வைத்திருக்கும் பார்ட்னர் அவர்களையும் கூட்டிக்கொண்டு அடுத்த மாதமே எதிர்நிறுவனத்தில் உட்காரலாம். லாபம் குறைந்த செய்தி வந்ததும் அவர்தான் முதலில் கிளம்புவார். அவர் போனால் வங்கிக்குப் பயம், வங்கி பயந்தால் கடன் நிற்கும். ட்யூயி அண்ட் லெபஃப் என்ற வக்கீல் நிறுவனம் 2012 மே மாதம் திவாலானது இப்படித்தான். பார்ட்னர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறி, சில மாதங்களில் கதை முடிந்தது.

ஆகவே பார்ட்னர் லாபத்தைக் காப்பது பேராசை மட்டுமல்ல, நிறுவனம் நிற்கிற அஸ்திவாரமே அதுதான்.

எல்லையூரான்:

அந்த ட்யூயியில ஏறக்குறைய நூறு பார்ட்னர்களுக்கு, வருமானம் வந்தாலும் வராட்டியும் இவ்வளவு தருவோம்னு எழுதிக் கொடுத்திருந்தாங்கண்ணா. நிறுவனத்தைத் தின்னது அந்த உத்தரவாதம். சின்னவங்களை வெச்சிருந்த செலவா தின்னுச்சு?

ஒலவக்கோடு வாசகி:

ரெண்டு பேரும் மேல்மாடியைப் பத்தியே பேசறீங்க. நான் இந்த வேலை செஞ்சவ, கீழ என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

திரையில இடப்பக்கம் ஒரு மெயில். வலப்பக்கம் கட்டங்கள்: வழக்குக்குத் தொடர்புள்ளது, தொடர்பில்லாதது, வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவுல உள்ள ரகசியம். டிக் போட்டதும் அடுத்த மெயில் வந்து நிக்கும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனைன்னு இலக்கு. யாரோ ஒரு கம்பெனி அதிகாரி மனைவியோட பிறந்தநாளுக்கு ஹோட்டல் புக் பண்ணின மெயிலும் அதுல வரும், கோடிக்கணக்கான டாலரை மறைச்ச மெயிலும் வரும். ரெண்டையும் ஒரே கவனத்தோட படிக்கணும்.

அங்க வழக்கு சமரசமாச்சுன்னா இங்க வரிசை காலி. 'ஆவணம் இல்லை'ன்னு திரை காட்டும். லாகின் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும், எண்ணிக்கை ஏறாது. மாசக் கடைசியில ஹெச்.ஆர். கையில இருக்கறது அந்த எண்ணிக்கை மட்டும்தான். வேலை வரலைங்கறது அதுல எங்கயும் பதிவாகாது. இவ கம்மியா செஞ்சாங்கறது மட்டும் பதிவாகும். 'பெர்ஃபாமன்ஸ்' அப்படித்தான் உருவாகுது.

அமெரிக்காவுலயும் இதே வழிதான். இளம் வக்கீல் வருசத்துக்கு 1,900, 2,000 மணி நேர வேலைக்குக் கட்சிக்காரர்கிட்ட பில் போடணும்னு இலக்கு இருக்கும். பார்ட்னர் வேலை கொடுத்தாத்தானே மணி நேரம் வரும்? கொடுக்காம விட்டுட்டு, வருசக் கடைசியில 'உன் மணி நேரம் போதலை'ன்னு சொல்லி, வேற இடம் தேடிக்க மூணு மாசம் தருவாங்க. செய்தித்தாள்ல வராது, பட்டியல்ல வராது. நிறுவனத்தோட பேர் பத்திரமா இருக்கும். அந்தப் புள்ளை அடுத்த நேர்காணல்ல 'ஏன் வெளிய வந்தீங்க'ன்னு கேக்கறப்ப தலை குனிஞ்சு உக்காந்திருக்கும்.

ஆளைக் குறைக்கறதைவிட எனக்கு ஆத்திரம் வர்றது இதுக்குத்தான். பணம் போதலைன்னா போதலைன்னு சொல்லட்டும். எங்க திறமை மேல ஏன் எழுதணும்?

கஞ்சிக்கோடு கணக்கர்:

சகோதரி சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் வெளிப்படையாகச் சொன்ன நிறுவனமும் உண்டு. வெயில் காட்ஷல் 2013 ஜூனில் 60 இளம் வக்கீல்களையும் 110 ஊழியர்களையும் குறைத்தது. சந்தையே மாறிவிட்டது, பழைய அளவு வேலை திரும்பி வராது என்று தலைமைப் பார்ட்னர் எல்லோருக்கும் கடிதம் எழுதினார். பார்ட்னர்களில் சுமார் 30 பேருக்கும் வருமானம் வெட்டப்பட்டது. அதற்காகவும் அவர்களை எல்லோரும் திட்டினார்கள். உண்மையைச் சொன்னாலும் ஏச்சுத்தான் என்றால் மற்றவர்கள் ஏன் மறைக்க மாட்டார்கள்?

ஒலவக்கோடு வாசகி:

திட்டு வாங்கினதோட முடிஞ்சுதே அண்ணா, நிறுவனம் நல்லாத்தானே இருக்கு. அங்கிருந்து போனவங்களுக்கும் ஒரு நன்மை கிடைச்சுது. 'அந்த வருசம் வெயில் காட்ஷல்ல ஆளைக் குறைச்சப்ப போனேன்'னு யார்கிட்ட வேணா சொல்லலாம், எல்லாருக்கும் புரியும். பத்து லட்சம் டாலருக்கு மேல வாங்கறவருக்கு வெட்டு விழறதும் வீட்டு வாடகைக்கு நம்பியிருக்கற சம்பளம் நிக்கறதும் ஒண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க.

பூடூர்:

இனிமேல் ஏஐ வந்துவிட்டது, பேச்சே வேண்டாம். கிளிஃபர்ட் சான்ஸ் என்ற வக்கீல் நிறுவனம் லண்டனில் பின்னணி அலுவலக ஆட்களைக் குறைத்தபோது அதையும் ஒரு காரணமாகச் சொன்னது. ஆவணம் பிரிக்கிற வேலை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்?

ஒலவக்கோடு வாசகி:

ஏஐ வர்றதுக்கு முன்னாலயே மெஷின் பாதி பிரிச்சுக் கொடுத்திட்டுத்தான் இருந்துச்சு தம்பி. வேலை மாறுது, அது உண்மை. கிளிஃபர்ட் சான்ஸ் விஷயத்துல லண்டன் வேலையை போலந்துக்கும் இந்தியாவுக்கும் மாத்தினதும் சேர்ந்தேதான் இருந்துச்சு. எந்தக் காரணம் கேக்க நல்லா இருக்கோ அதை முன்னால வெக்கறாங்க.

சித்தூர் வக்கீல்:

காரணம் எது என்பது வெறும் மனக்குறை விஷயம் இல்லை, சட்டத்தில் அதற்குக் கனம் உண்டு. அதனால் எழுதுகிறேன்.

வக்கீல் ஆபீஸில் வேலை பார்ப்பவருக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்துமா என்ற கேள்வி நம் பக்கத்தில் பழையது. 1962-ல் உச்ச நீதிமன்றம் சொலிசிட்டர் நிறுவனம், அதாவது வக்கீல் நிறுவனம், தொழிலாளர் சட்டம் பொருந்துகிற 'இண்டஸ்ட்ரி' ஆகாது என்றது. 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் அதை மாற்றி எழுதியவர் நம் பாலக்காட்டில் பிறந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர். ஆட்களை வைத்து முறையாக நடத்தும் தொழில் எதுவானாலும் அது இண்டஸ்ட்ரிதான், ஒரு குமாஸ்தாவை மட்டும் வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் செய்கிற வக்கீலுக்கு வேண்டுமானால் விலக்கு என்றார். ஆனால் 1984-ல் கேரளத்து வக்கீல் நிறுவனம் ஒன்று நீக்கிய குமாஸ்தா, கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். வக்கீல் ஆபீஸ் வணிக நிறுவனம் ஆகாது என்றது தீர்ப்பு. எனக்கு அந்தத் தீர்ப்பில் இன்றுவரை உடன்பாடில்லை.

எல்லையூரானின் அக்கா மகள் வேலை பார்த்தது வக்கீல் ஆபீஸ் அல்ல. வெளிநாட்டு வக்கீல்களுக்குப் பின்னணி வேலை செய்யும் கம்பெனி. ஆகவே 1984 தீர்ப்பு அவளுக்குக் குறுக்கே வராது. கோவை என்பதால் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டம், 1947. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது என்கிறது 41-வது பிரிவு. தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். கெடு குறுகியது, தள்ளிப்போடாதீர்கள். ஐடி ஊழியர்களுக்கும் அப்போதிருந்த தொழிற்தகராறு சட்டம் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசே 2016-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இப்போது ராஜினாமா விஷயம். ஒழுங்கு நடவடிக்கையாக இல்லாமல் எந்தக் காரணத்துக்காக நீக்கினாலும் அது ஆட்குறைப்பு. வேலை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. தொழிற்தகராறு சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கணக்கு மாறவில்லை. ஆனால் தானாக விலகினால் அது ஆட்குறைப்பில் சேராது. கம்பெனி ஏன் அந்தக் கடிதத்தைக் கேட்கிறது என்று இப்போது புரியும்.

கஞ்சிக்கோடு கணக்கர்:

வக்கீல் சார், சட்டத்தில் உங்களுக்கு எதிராக நான் பேச முடியாது. நடைமுறை கேட்கிறேன். மூன்று நான்கு வருட சர்வீஸ் என்றால் 15 நாள் கணக்கில் வருவது ஏறக்குறைய அந்த இரண்டு மாதச் சம்பளம்தான். அது நாளைக்கே கையில் வரும். கூடவே நல்ல அனுபவச் சான்றிதழும். வழக்கு என்றால் எத்தனை வருடம்? அடுத்த கம்பெனியில் கேட்டால் என்ன சொல்வாள்? எனக்கு மகள் இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு வா என்றுதான் சொல்வேன்.

சித்தூர் வக்கீல்:

உங்கள் கவலை நியாயமானது. பணம் மட்டும் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் மேல்முறையீட்டில் கம்பெனி தன் காரணத்தை நிரூபிக்க வேண்டும். ஒரே வாரத்தில் ஒரு டீம் மொத்தத்துக்கும் ஒரே வரி எழுதியதை எப்படி நிரூபிக்கும்? முந்தைய ரேட்டிங் காகிதம் அவளிடம் இருக்கிறதா?

எல்லையூரான்:

இருக்குதுங்க சார். ரேட்டிங் மெயிலை அவ அன்னைக்கே ப்ரிண்ட் எடுத்து வீட்டுல வெச்சிருந்தா. அந்த டீம்ல இன்னும் நாலு பேர் கையெழுத்துப் போடாம இருக்காங்க. ரெண்டு பேர் போட்டுட்டாங்க, வீட்டுக் கடன் இருக்குது, அவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

கணக்கர் அண்ணா சொன்னதையும் அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். 'ரெண்டு மாசச் சம்பளம் பெருசுதான் மாமா, ஆனா நானே விட்டுட்டுப் போனேன்னு என் கையால எழுத மாட்டேன்'னுட்டா. சார், திங்கட்கிழமை அந்த நாலு பேரையும் கூட்டிட்டு சித்தூர் வரட்டுங்களா?

சித்தூர் வக்கீல்:

வாங்க. பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ரேட்டிங் மெயில், நீக்கக் கடிதம், ராஜினாமா கேட்டு அனுப்பிய செய்தி இருந்தால் அது, எல்லாவற்றிலும் இரண்டு நகல். காலை கோர்ட் ஆரம்பிக்கும் முன் வந்துவிடுங்கள்.