சிங்கப்பூர், துபாய் இரண்டுமே ஒரே தூரமா? டிக்கெட்டில் நேரம் ஏன் இப்படி?

காவேரிக்கரை:
அம்மா அப்பா சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்கும் அப்புறம் துபாயில் தம்பி வீட்டுக்கும் போகிறார்கள், இரண்டும் சென்னையிலிருந்து. அப்பாவுக்குச் சர்க்கரை, மாத்திரையும் சாப்பாடும் நேரத்துக்கு வேண்டும், அதனால் விமானத்தில் நிஜமாக எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்று கணக்குப் போடுகிறேன். ஒரு டிக்கெட்டில் காலை 10:00க்குக் கிளம்பி மாலை 4:50க்கு சிங்கப்பூர். இன்னொன்றில் அதே 10:00க்குக் கிளம்பி 12:50க்கு துபாய். மேப்பில் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். விமான வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து தூரத்தை 900ஆல் வகுத்தால் வரும் விடை இரண்டுக்குமே ஒத்துவரவில்லை.

தென்றல்77:
டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். 4:50இல் இரண்டரையைக் கழியுங்கள், 12:50இல் ஒன்றரையைக் கூட்டுங்கள், இரண்டிலும் 2:20 வரும். ஆக 4 மணி 20 நிமிடம். அப்பாவை இறங்கும்வரை கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள், மாத்திரைக்கு அதுதான் வசதி. இன்சுலின் போடுகிறவர் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கணக்குப்புலி:
தூரமும் சரிதான். டிகிரியில் சென்னை 12.99 வடக்கு, 80.17 கிழக்கு, சாங்கி (சிங்கப்பூர் விமான நிலையம்) 1.36, 103.99, துபாய் 25.25, 55.36. எக்செல்லில் முதலில் எல்லாவற்றையும் டிகிரியிலிருந்து ரேடியனாக்குங்கள் (கோணத்தை எக்செல் அந்த அலகில்தான் எடுத்துக்கொள்ளும்), அதை விட்டால் விடை கன்னாபின்னாவென்று வரும். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். அவற்றின் கோசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்கி அதோடு கூட்டி, அதன் ஆர்க் கோசைனை பூமியின் ஆரமான 6,371ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 2,920, துபாய் சுமார் 2,930. தட்டையான மேப்பில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், வடக்கே போகப் போக அது ஏமாற்றும்.

ரன்வே_ரசிகன்:
900ஆல் வகுப்பது நடுவானில் பறக்கும் வேகத்துக்குத்தான் பொருந்தும். டிக்கெட் நேரமோ கேட்டிலிருந்து கேட் வரை: ரன்வேக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது, தாமதத்துக்கென்று கம்பெனி கொஞ்சம் சேர்த்து வைப்பது எல்லாம் அதில் அடக்கம். நான் 850ஆல் வகுத்து 40 நிமிடம் கூட்டிக்கொள்வேன். உங்கள் கணக்குக்கு நாலு மணிக்குச் சற்று மேல் வரும், டிக்கெட்டுக்குப் பக்கம்தான்.

அப்புறம் காற்று. குளிர்காலத்தில் அரேபியா, வட இந்தியா மேலே மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் (விமானம் பறக்கும் உயரத்தில் ஓடும் வேகக் காற்று) பலமாக வீசும், துபாய் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது அதுவே பின்னாலிருந்து தள்ளும். 2016இல் ஏர் இந்தியா டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழிக்குப் பதிலாகப் பசிபிக் மேல் விட்டது. தூரம் சுமார் 1,400 கி.மீ. அதிகம், ஆனாலும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. அதனால் தூரத்தை மட்டும் வைத்து நேரம் சொல்லவே முடியாது.

காவேரிக்கரை:
ரொம்ப நன்றி. துபாயிலிருந்து இரவு 10:00க்குக் கிளம்பினால்?

தென்றல்77:
நம்ம நேரம் 11:30, அதோடு நாலு மணி நேரம். விடிகாலை மூன்றரை வாக்கில் இறங்குவார்கள், டிக்கெட்டில் மறுநாள் தேதி இருக்கும். கூப்பிட வண்டி சொல்லும்போது அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.