புரொஜெக்டரில் இருட்டுக் காட்சி கரியாகத் தெரிகிறது, முகம் பச்சையடிக்கிறது: எதை முதலில் திருத்துவது?

திரைமறைவு:

வணக்கம். ஒற்றைச் சிப் டிஎல்பி (நுண் கண்ணாடிகள் உள்ள சிப்பால் படம் காட்டும் வகை) புரொஜெக்டர். 1920 × 1080, லேம்ப் வகை, லென்ஸ் ஷிஃப்ட் (புரொஜெக்டரைச் சாய்க்காமல் லென்ஸை நகர்த்திப் படத்தை ஏற்றி இறக்கும் வசதி) கிடையாது. திரை 100 அங்குலம், சாதா வெள்ளை. முதல் எச்டிஎம்ஐயில் லேப்டாப், இரண்டாவதில் ஸ்ட்ரீமிங் பெட்டி. தொல்லைகள் இவை:

லேப்டாப்பில் படம் போட்டால் இருட்டுக் காட்சியில் தலைமுடி, கறுப்புச் சட்டை, பின்சுவர் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. அதே படம் பெட்டியிலிருந்து வந்தால் ஓரளவு பரவாயில்லை. பிரைட்னஸை 50-லிருந்து 65-க்கு ஏற்றினாலும் விவரம் வரவில்லை, கறுப்பு சாம்பலாவதுதான் மிச்சம்.

முகங்களில் லேசான பச்சை. இப்போது இருப்பது 'பிரைட்' மோட்.

டாஸ்க்பார் பாதி வெட்டுப்படுகிறது. திரையின் மேல்பாதியில் எழுத்து மங்கல், கீழே தெளிவு. புரொஜெக்டர் தாழ்வான மேசையில், முன்காலைத் தூக்கிவைத்து, கீஸ்டோன் (சாய்வால் கோணலாகும் படத்தை நேராக்கும் அமைப்பு) போட்டு நிற்கிறது.

எச்டிஆர் (அதிக வெளிச்ச வீச்சுள்ள வீடியோ) ஏற்கும் என்று புரொஜெக்டர் வந்த அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆன் செய்தால் படம் இன்னும் இருள்கிறது.

மெனுவில் நாற்பது அயிட்டம் இருக்கிறது. எந்த வரிசையில் தொடுவது?

வில்லை:

லேப்டாப்பில் கரி, பெட்டியில் பரவாயில்லை என்று சொன்னதிலேயே பாதி விடை வந்துவிட்டது. இது பிரைட்னஸ் கோளாறு இல்லை, சிக்னல் ரேஞ்ச் பொருந்தவில்லை.

சிக்னலில் வெளிச்சம் எண்ணாகப் போகிறது; அந்த எண்களின் எல்லைதான் ரேஞ்ச். வீடியோவில் கறுப்பு என்பது 16, வெள்ளை என்பது 235. கம்ப்யூட்டரில் கறுப்பு 0, வெள்ளை 255. லேப்டாப் 0 முதல் 255 வரை அனுப்புகிறது. புரொஜெக்டரோ 16 முதல் 235 வரைதான் வரும் என்று காத்திருக்கிறது. அப்போது 16-க்குக் கீழே உள்ள அத்தனையும் ஒரே கறுப்பு, 235-க்கு மேலே உள்ள அத்தனையும் ஒரே வெள்ளை. பல மாடல்களில் இந்த வெட்டு, பிரைட்னஸ் வேலை செய்யும் இடத்துக்கு முன்பே விழுந்துவிடுகிறது. அதனால்தான் 65-க்கு ஏற்றியும் விவரம் திரும்பவில்லை. போன தகவலை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது.

ஊகத்தில் விடாமல் சோதித்துப் பாருங்கள். எந்தப் பட எடிட்டரிலும் 1920 × 1080 அளவில் முழுக் கறுப்புப் படம் ஒன்று (மூன்று நிறமும் 0). அதன் மேல் 4, 8, 12, 16, 20 மதிப்புகளில் ஐந்து சதுரம். இன்னொரு படம் முழு வெள்ளை, 255. அதில் 251, 247, 243, 239, 235 மதிப்பில் ஐந்து சதுரம். ஜேபெக் வேண்டாம், பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக் சுருக்கத்தில் 4-ம் 8-ம் மாறிவிடலாம். அறையை இருட்டாக்கி, முழுத்திரையில் போட்டுப் பாருங்கள்.

கறுப்புப் படத்தில் 16 வரைக்கும் ஒரு சதுரமும் தெரியாமல் 20 மட்டும் மினுக்கினால், வெள்ளைப் படத்திலும் சதுரங்கள் காணாமல் போயிருந்தால், மேலே சொன்னதுதான் நடக்கிறது. எல்லாச் சதுரமும் பளிச்சென்று தெரிந்து, 0 இருக்க வேண்டிய பின்புலமே சாம்பலாக இருந்தால் தலைகீழ்ப் பொருத்தமின்மை: லேப்டாப் குறுகிய ரேஞ்ச் அனுப்புகிறது, புரொஜெக்டர் முழு ரேஞ்ச் எதிர்பார்க்கிறது.

திருத்தம்: இரண்டு பக்கமும் 'ஆட்டோ'வை எடுத்துவிட்டுக் கையால் வையுங்கள். லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் கன்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் (சிலவற்றில் பிக்சல் ஃபார்மட்) 'ஃபுல்', புரொஜெக்டரில் அந்த எச்டிஎம்ஐக்கான ரேஞ்சும் 'ஃபுல்'. சில மெனுக்களில் இதையே 'எக்ஸ்பாண்டட்' என்று போட்டிருப்பார்கள், குறுகியது 'நார்மல்'. பெட்டி இருக்கும் இரண்டாவது எச்டிஎம்ஐயில் இரு பக்கமும் 'லிமிடெட்'. ரேஞ்ச் என்னவென்று சொல்லும் குறிப்பு சிக்னலுடனேயே வருகிறதுதான். ஆனால் சில கருவிகள் தப்பாக அனுப்பும், சில வந்ததைக் கண்டுகொள்ளாது. ஆட்டோவை நம்பாததற்கு அதுதான் காரணம்.

ஒரு பொறி: டெஸ்க்டாப்பில் சதுரங்கள் சரியாகத் தெரிந்து, வீடியோ மட்டும் வெளிறியோ கரியாகவோ இருந்தால், தப்பு புரொஜெக்டரில் இல்லை. கிராஃபிக்ஸ் டிரைவரின் வீடியோ பகுதியில் தனியாக ஒரு ரேஞ்ச் அமைப்பு இருக்கும், அல்லது வீடியோ பிளேயருக்குள் இருக்கும். அதைப் பாருங்கள். அதற்காகப் புரொஜெக்டரை மாற்றினால் டெஸ்க்டாப் கெடும்.

ஒளியன்:

வில்லை சொன்னது சரி. ஆனால் அதற்கும் முன்னால் அந்த மேசையைக் கவனியுங்கள். மேல்பாதி மங்கலுக்கு மெனுவில் மருந்து இல்லை.

முன்காலைத் தூக்கினால் இரண்டு கெடுதல். படத்தின் மேல்விளிம்புக்குத் தூரம் அதிகம், கீழ்விளிம்புக்குக் குறைவு. ஃபோகஸ் ஒரு பாதிக்குத்தான் பொருந்தும். அடுத்து, அகன்றுபோன மேல்பக்கத்தைக் கீஸ்டோன் எப்படிச் சுருக்குகிறது? லென்ஸை ஒன்றும் செய்வதில்லை. சிப்பில் படத்தையே கோணலாக வரைகிறது. மேல்விளிம்பு 15 சதவீதம் சுருங்கினால் 1920 பிக்சலில் இருக்க வேண்டிய வரி சுமார் 1630 பிக்சலில் திணிக்கப்படுகிறது. மெல்லிய எழுத்துக் கோடுகள் ஒன்று தடித்து ஒன்று மெலிந்து வருவது இதனால்தான். நான்கு மூலைத் திருத்தம் என்று வருவதும் இதே ஜாதி.

லென்ஸ் ஷிஃப்ட் இல்லாத டிஎல்பிகள் பெரும்பாலும் மட்டமாக வைத்தாலே படத்தை மேல்நோக்கி எறியும்படி செய்யப்பட்டவை. மேனுவலில் 'ஆஃப்செட்' என்று ஒரு சதவீதம் இருக்கும். 110 சதவீதம் என்று போட்டிருந்தால், லென்ஸின் மையம் படத்தின் அடிவிளிம்பிலிருந்து பட உயரத்தில் 10 சதவீதம் கீழே இருக்க வேண்டும் என்று பொருள். 100 அங்குலத் திரையின் உயரம் சுமார் 124.5 செ.மீ. ஆக, லென்ஸ் 12 செ.மீ. போலக் கீழே. மேசையை அந்த உயரத்துக்கு ஏற்றுங்கள், அல்லது திரையை இறக்குங்கள். காலை முழுக்க மடித்து, மட்டம் பார்க்கும் குமிழி வைத்துச் சரிபார்த்து, கீஸ்டோனை 0 ஆக்குங்கள். ஆட்டோ கீஸ்டோனையும் அணையுங்கள். இல்லாவிட்டால் ஆன் செய்யும்போது மறுபடி வந்து உட்காரும். பக்கவாட்டிலும் லென்ஸ் திரையின் நடுவுக்கு நேராக நிற்கட்டும்.

டாஸ்க்பார் வெட்டுப்படுவது ஓவர்ஸ்கேன், அதாவது படத்தைச் சற்றுப் பெரிதாக்கி விளிம்பை வெட்டுவது. புரொஜெக்டரில் அதை 0 அல்லது ஆஃப். ஆஸ்பெக்ட் (அகல உயர விகிதம்) 16:9 அல்லது 'நேட்டிவ்'. லேப்டாப்பில் ரெசல்யூஷன் 1920 × 1080, டிஸ்ப்ளே ஸ்கேலிங் 100 சதவீதம். பிறகு ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் கோட்டுப் படம் ஒன்றைப் போடுங்கள். திரை முழுக்க ஒரே சீரான சாம்பல் என்றால் பிக்சலுக்குப் பிக்சல் பொருந்திவிட்டது. அலை அலையாகப் பட்டை ஓடினால் எங்கோ இன்னும் ஸ்கேலிங் (படத்தை நீட்டுவது அல்லது சுருக்குவது) நடக்கிறது.

ஃபோகஸைக் கடைசியாக, லேம்ப் 20, 30 நிமிஷம் எரிந்த பிறகு வையுங்கள். சூட்டில் லென்ஸ் ஃபோகஸ் சற்று நகரும். நிறமும் அதற்குப் பிறகுதான் நிலைக்கும்.

திரைமறைவு:

இருவருக்கும் நன்றி. 20 மட்டும்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஃபுல் வைத்ததும் 8-லிருந்து எல்லாம் தெரிகிறது. மேசையை ஏற்றி கீஸ்டோன் 0, கோட்டுப் படத்தில் அலை இல்லை, டாஸ்க்பாரும் முழுசாக வருகிறது.

இனி நிறம். லேப்டாப் இன்புட்டில் 'கலர்', 'டின்ட்' இரண்டும் மங்கலாகி, தொட முடியவில்லை. பெட்டி இன்புட்டில் வேலை செய்கிறது. பழுதா?

கறுப்புவெள்ளை:

பழுதில்லை. லேப்டாப் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக) அனுப்புகிறது. பல புரொஜெக்டர்களில் அந்த இரண்டும் ஒய்சிபிசிஆர் (வெளிச்சமும் நிறமும் பிரிந்து வரும்) சிக்னலுக்கு மட்டும்தான் திறக்கும். ஆர்ஜிபியில் அவை தேவையும் இல்லை.

பச்சைக்குக் காரணம் மோட். இந்த லேம்ப்களில் பச்சை அதிகம், சிவப்பு குறைவு. 'பிரைட்', 'டைனமிக்' மாதிரி மோட்கள் லூமென் (புரொஜெக்டர் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) எண்ணிக்கைக்காக அந்தப் பச்சையைக் கட்டுப்படுத்தாமல் விட்டுவிடுகின்றன. 'சினிமா' அல்லது 'மூவி'க்கு மாறுங்கள், கலர் டெம்பரேச்சரை (வெள்ளையின் சாயலை) 6500 கெல்வினுக்கு அருகில் வையுங்கள். எண் இல்லாத மெனுவில் 'வார்ம்' என்பதே பெரும்பாலும் அதற்கு நெருக்கம். முதல் ஐந்து நிமிஷம் மஞ்சளடிப்பது போலிருக்கும், நீலம் கலந்த வெள்ளைக்குக் கண் பழகிப்போனதால். அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம்.

ஒற்றைச் சிப் டிஎல்பி என்றால் இன்னொன்று. லேம்ப் ஒளியின் முன் சுழன்று நிறம் கொடுக்கும் நிறச் சக்கரத்தில் சிவப்பு, பச்சை, நீலத்தோடு வெள்ளைத் துண்டும் இருக்கலாம். அது வெள்ளையை மட்டும் தூக்கிக்கொடுக்கும், நிறங்களைத் தூக்காது. விளைவு: வெள்ளை வேட்டி பளபளக்கும், பக்கத்தில் சிவப்புப் புடவை செங்கல் நிறத்தில் கிடக்கும். மெனுவில் 'பிரில்லியன்ட் கலர்' அல்லது 'ஒயிட் பீக்கிங்' என்று 0 முதல் 10 வரை இருந்தால் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். மொத்த வெளிச்சம் குறையும். சிவப்பும் மஞ்சளும் உயிர்பெறும். இருட்டறையில் தாராளமாகக் குறைக்கலாம்.

இப்போது பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட். பெயரில் ஏமாற வேண்டாம்: பிரைட்னஸ் என்பது கறுப்பின் மட்டம், கான்ட்ராஸ்ட் என்பது வெள்ளையின் மட்டம். படம் வெளிச்சமாக வேண்டும் என்று பிரைட்னஸை ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் காரியம். முதலில் காட்சிக்கேற்ப வெளிச்சத்தைத் தானே மாற்றும் டைனமிக் பிளாக், ஆட்டோ ஐரிஸ், லேம்ப் ஆட்டோ எல்லாவற்றையும் அணையுங்கள். அவை ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் ஒன்று வைப்பீர்கள், அது ஒன்று மாற்றும். கறுப்புப் படத்தில் 8 தெளிவாகத் தெரிய, 4 தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் இடத்தில் பிரைட்னஸை நிறுத்துங்கள். வெள்ளைப் படத்தில் 247 காணாமல் போகும் வரை கான்ட்ராஸ்டை ஏற்றி, அது திரும்பத் தெரியும் வரை இறக்குங்கள். அதற்கு முன்பே வெள்ளையில் ஒரு சாயம் ஏறினால் அங்கேயே எல்லை. ஒன்றை மாற்றினால் மற்றது சற்று நகரும், ஆகவே இரண்டு சுற்று.

காமா (கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் வெளிச்சம் ஏறும் வளைவு): முழு இருட்டறை என்றால் 2.4, கொஞ்சம் விளக்கு எரியும் என்றால் 2.2. இருட்டுக் காட்சியை இன்னும் திறக்க வேண்டுமானால் இங்கே கைவையுங்கள், பிரைட்னஸில் அல்ல.

ஷார்ப்னஸ் விஷயத்தில் 0 என்றால் நடுநிலை என்று நினைக்க வேண்டாம். சாம்பல் பின்னணியில் மெல்லிய கறுப்புக் கோடு போடுங்கள். கோட்டை ஒட்டி வெள்ளை விளிம்பு ஓடுகிறதா? அது மறையும் வரை குறையுங்கள். அதற்கும் கீழே போனால் சில மாடல்களில் கோடே மழுங்கும். விளிம்பு மறைந்த இடத்தோடு நிறுத்துவது போதும்.

வில்லை:

சேர்த்துக்கொள்ள ஒன்று: இந்த அமைப்புகளை நிறைய மாடல்கள் இன்புட் வாரியாகவும் மோட் வாரியாகவும் தனித்தனியாகச் சேமிக்கின்றன. முதல் எச்டிஎம்ஐயில் செய்தது இரண்டாவதில் இருக்காது. சதுரப் படங்களைப் பெட்டி வழியாகவும் போட்டுப் பார்த்துவிடுங்கள். கேபிளை ஒரு சுவிட்சில் கொடுத்து இரண்டையும் ஒரே இன்புட்டில் ஓட்டினால் ரேஞ்ச் குழப்பம் திரும்பவும் தொடங்கும்.

ஒளியன்:

எச்டிஆர் கேள்வி விடுபட்டுவிட்டது. கணக்கு இதுதான்: திரையில் கிடைக்கும் நிட்ஸ் (கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தின் அலகு) = லூமென் ÷ திரையின் பரப்பு ÷ 3.14, அதைத் திரையின் கெய்னால் (ஒளியைத் திருப்பி அனுப்பும் திறனின் எண்) பெருக்கினால் முடிந்தது. உங்கள் திரை 2.21 மீ × 1.245 மீ, ஏறத்தாழ 2.75 சதுர மீட்டர். சினிமா மோடில் உண்மையாக 1000 லூமென் வருகிறது, கெய்ன் 1 என்று வைத்தால் 116 நிட்ஸ். சாதா வீடியோவுக்கு இது தாராளம். தியேட்டர் அளவுகோலே 48 நிட்ஸ்தான். ஆனால் எச்டிஆர் படங்கள் 1000 நிட்ஸ், சில 4000 நிட்ஸ் வரை எட்டும்படி முடிக்கப்படுகின்றன. அந்த உச்சத்தை 116-க்குள் மடக்கும்போது நடுத்தர வெளிச்சமும் சேர்ந்து கீழே இறங்குகிறது. அதுதான் நீங்கள் பார்க்கும் இருட்டு. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட லூமென் பெரும்பாலும் மிகப் பிரகாசமான மோடுக்கானது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எச்டிஆர் மெனுவில் 'டோன் மேப்பிங்' அல்லது 'எச்டிஆர் பிரைட்னஸ்' இருந்தால் ஏற்றிப் பாருங்கள். இல்லையென்றால் ஸ்ட்ரீமிங் பெட்டியிலேயே எச்டிஆரை அணைத்து எஸ்டிஆராக (சாதா வீடியோவாக) அனுப்புங்கள். 'ஏற்கும்' என்று எழுதியிருப்பதற்கு அந்த சிக்னல் வந்தால் படம் வரும் என்பதுதான் பொருள். உச்ச வெளிச்சத்தைக் காட்டும் என்று இல்லை.

பெட்டியில் 'மேட்ச் ஃபிரேம் ரேட்' இருந்தால் ஆன். 24 ஃபிரேம் படம் 60 ஹெர்ட்ஸில் போகும்போது ஒரு ஃபிரேம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று காட்டப்படும். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியில் அது தட்டித் தட்டி ஓடும்.

திரைமறைவு:

எஸ்டிஆரில் முகங்கள் இப்போது முகமாக இருக்கின்றன. பிரில்லியன்ட் கலர் 10-லிருந்து 3. கடைசியாக ஒன்று: லேம்பை ஈகோவில் (வெளிச்சம் குறைத்து எரியும் மோடில்) ஓட்டலாமா? அதற்கு எல்லாவற்றையும் மறுபடி வைக்க வேண்டுமா?

கறுப்புவெள்ளை:

ஓட்டலாம். விசிறிச் சத்தமும் குறையும். ரேஞ்ச், ஓவர்ஸ்கேன், ஷார்ப்னஸ் எதுவும் மாறாது. லேம்பின் நிறம் சற்று நகரலாம் என்பதால் அரை மணி ஈகோவில் எரியவிட்டு, கறுப்பு, வெள்ளைச் சதுரப் படங்களை மட்டும் ஒருமுறை பாருங்கள். லேம்ப் பழசாக ஆக வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். ஆகவே புது லேம்ப்புக்கு ஈகோ போதுமென்றால் அதில் தொடங்குங்கள். மங்கும்போது நார்மலுக்கு ஏற்ற இடம் மிச்சமிருக்கும். காற்று உள்ளே போகும் ஃபில்டர் இருந்தால் அதையும் சுத்தமாக வையுங்கள், அடைத்தால் ஈகோவிலும் விசிறி கத்தும்.