இணையவழி உயிரியல்: ஆசிரியர் பயிற்சியில் பாதி நேரம் மென்பொருளுக்கே போகலாமா?

இலைத்துளை:
உயிரியலை இணையத்தில் நடத்தப் பயிற்சி என்று கூப்பிடுகிறார்கள். போனால் திரையைப் பகிர்வது, வினாடி வினா தயாரிப்பது, வருகைப்பதிவை இறக்குவது. முடிவில் ஒரு சான்றிதழ். ஒளிச்சேர்க்கையைத் திரை வழியே நடத்தும்போது பிள்ளைகள் எந்த இடத்தில் குழம்புவார்கள் என்று யாரும் வாய் திறப்பதில்லை. மென்பொருள் பகுதியை அடியோடு எடுத்துவிடுங்கள் என்பது என் கட்சி. பொத்தானை எங்கே அழுத்துவது என்பதைக் காணொளி பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பயிற்சி நேரம் பாடத்துக்குப் போகட்டும்.

கண்ணாடிவில்லை:
அடியோடா? கொஞ்சம் நிதானம் மேடம். திரையில் படம் வரையத் தெரியாத ஆசிரியர் இதயத்தின் 4 அறைகளையும் வாயாலேயே விளக்கிக்கொண்டிருப்பார். உங்களுக்குக் கருவி கைவந்துவிட்டது, அதனால் அற்பமாகத் தெரிகிறது. பயந்துபோய் இருப்பவருக்கு முதலில் அந்தப் பயம் போக வேண்டும்.

வேர்த்தூவி:
இரண்டு பேருமே வேறெங்கோ நிற்கிறீர்கள். செய்முறை இல்லாமல் என்ன உயிரியல்? வெங்காயத் தோலை உப்புக் கரைசலில் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் சில செல்கள் சுருங்கியிருக்கும், சில அசையாமல் இருக்கும், காற்றுக்குமிழியை செல் என்று ஒருவன் வரைந்து வைத்திருப்பான். சிமுலேஷனில், அதாவது கணினியில் ஓடும் பாவனைச் சோதனையில், எல்லா செல்லும் ஒரே அளவாகச் சுருங்கும். உயிரினங்களுக்குள் இருக்கும் வேறுபாடுதான் பாடமே. அதையே துடைத்துவிட்டுப் படம் காட்டுகிறோம்.

இலைத்துளை:
வேர்த்தூவி சார், அது சரிதான், அதற்கு வருகிறேன். முதலில் கண்ணாடிவில்லைக்கு ஒரு உதாரணம். "பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். மண்ணிலிருந்து என்று பாதி வகுப்பு சொல்லும். 17ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு மண்ணில் வில்லோ கன்றை நட்டு 5 ஆண்டு வளர்த்தார். மரம் 164 பவுண்டு கூடியது, மண் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ். அவரே எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவுகட்டினார், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அவர் கணக்கில் வரவில்லை. இந்த எண்களைத் திரையில் போட்டு, எல்லோரும் பதிலைத் தட்டச்சு செய்யுங்கள், நான் சொல்லும்போது ஒரே நேரத்தில் அனுப்புங்கள் என்றால் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுத முடியாது. நேரடி வகுப்பில் கைதூக்கும் நாலு பேர்தான் பேசுவார்கள். இங்கே 40 பேரின் குழப்பமும் கண்ணுக்கு முன்னால் வரும்.

கண்ணாடிவில்லை:
வந்தீர்களா வழிக்கு! "ஒரே நேரத்தில் அனுப்புங்கள்" என்பது கருவி நுட்பம்தானே? அடியோடு எடுக்கச் சொன்னீர்கள், உங்கள் உதாரணமே அதில்தான் நிற்கிறது.

இலைத்துளை:
நுட்பம்தான். ஆனால் அரட்டைப் பெட்டியை எப்படித் திறப்பது என்ற பயிற்சியிலிருந்து அந்தக் கேள்வி பிறக்காது. மரத்தின் எடையில் மாணவர் தவறுவார் என்று தெரிந்தவருக்குத்தான் பெட்டியை அப்படிப் பயன்படுத்தத் தோன்றும். கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986இல் சொன்னதும் இதுதான். பாடத்தைத் தெரிந்திருப்பது ஒன்று, அந்தப் பாடத்தைப் பிறருக்குப் புரியவைக்கத் தெரிந்திருப்பது வேறு.

கண்ணாடிவில்லை:
அப்படியானால் இரண்டையும் ஒரே அமர்வில் வைக்கச் சொல்லுங்கள். நீக்கு என்று ஏன் சொல்கிறீர்கள்?

மகரந்தம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பாடமே பழசாக இருந்தால் என்ன செய்வது? நாக்கை உருட்டுவது ஒற்றை மரபணுவின் ஓங்கு பண்பு என்று இன்னும் நடத்துகிறார்கள். 1940இல் மரபியல் அறிஞர் ஸ்டர்ட்டவன்ட் அப்படி எழுதினார். ஒத்த இரட்டையரிலேயே ஒருவர் உருட்டுவார், மற்றவருக்கு வராது என்று 1952இல் மாட்லாக் காட்டினார், பிறகு ஸ்டர்ட்டவன்ட்டே தன் கருத்தைக் கைவிட்டார். நாமோ இன்றுவரை வீட்டில் அம்மா அப்பாவிடம் சரிபார்த்து வரச் சொல்கிறோம். தத்துப் பிள்ளை ஒருவர் இணைய வகுப்பில் உட்கார்ந்திருந்தால், பெற்றோரோடு பொருந்தாத விடையை எல்லோர் முன்னும் எழுத வேண்டும். இதைப் பேசாத பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வேர்த்தூவி:
மகரந்தம் சொன்னது கட்டாயம் பேச வேண்டியது. கூடவே இன்னொன்று. வீட்டிலேயே பாக்டீரியா வளருங்கள் என்று காணொளிகள் சுற்றுகின்றன. கதவுக் கைப்பிடியில் தேய்த்த பஞ்சை வளர்ப்பு ஊடகத்தில் வைத்து வெதுவெதுப்பில் விட்டால் என்ன வளரும் என்று யாருக்கும் தெரியாது. நோய்க்கிருமியாகவும் இருக்கலாம். மூடியைத் திறந்து பார்க்காத பிள்ளை உண்டா? விதை முளைப்பு, இலை வடிவங்கள் என்றால் வீட்டில் செய்யட்டும். எது வீட்டுக்கு, எது ஆய்வகத்துக்கு என்று பிரிக்கவாவது ஆசிரியருக்குக் கற்றுக்கொடுங்கள். அதனால்தான் ஆய்வகம் வேண்டும் என்கிறேன்.

கண்ணாடிவில்லை:
ஆய்வகத்தில் பரிணாமத்தை எப்படிக் காட்டுவீர்கள் சார்? ஃபெட் (PhET) என்ற சிமுலேஷன் தளத்தில் முயல்களை விட்டு, ஓநாய்களைச் சேர்த்தால் எந்த நிற முயல் மிஞ்சுகிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். 2013இல் சயின்ஸ் இதழில் டி யோங், லின், சகாரியா என்ற ஆய்வாளர்கள் மூவரும் கை ஆய்வகத்துக்கும் திரை ஆய்வகத்துக்கும் தனித்தனி பலம் உண்டு, சேர்த்துப் பயன்படுத்தலாம் என்றுதான் எழுதினார்கள்.

வேர்த்தூவி:
சேர்க்கலாம், ஒத்துக்கொள்கிறேன். நடைமுறையில் திரை வந்ததும் நுண்ணோக்கி அலமாரிக்குப் போய்விடுகிறது. அதுதான் என் கோபம்.

இலைத்துளை:
ஒருநாள் கூட்டங்களால் இதெல்லாம் மாறாது. ஜப்பானில் பாட ஆய்வு என்று செய்கிறார்கள்: சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவது, ஒருவர் நடத்த மற்றவர்கள் மாணவர்களைக் கவனிப்பது, பிறகு பேசுவது. இணைய வகுப்பு பதிவாகவே இருக்கிறது, இதற்கு இன்னும் வசதி.

மகரந்தம்:
பதிவு யார் கைக்குப் போகும்? நிர்வாகம் பார்த்து மதிப்பெண் போடும் என்றால் எல்லோரும் தங்களுக்கு மிகச் சுலபமான பாடத்தைத்தான் பதிவு செய்வார்கள். தடுமாறும் பாடம் வெளியே வராது.

இலைத்துளை:
குழுவுக்குள் மட்டும். பேசி முடித்ததும் அழித்துவிடலாம். மாணவர் முகம், பெயர் தெரியாமல் ஆசிரியர் குரலும் அரட்டைப் பதில்களும் இருந்தால் போதும்.

கண்ணாடிவில்லை:
நேரம்? வாரம் முழுக்க வகுப்பு, மிச்சத்தில் விடைத்தாள். இதற்காகப் பாடவேளை குறைத்தால் இன்றைக்கே சேருகிறேன். குறைக்காமல் இரவு 9 மணிக்குக் கூப்பிட்டால் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்குவேன், சொல்லிவிட்டேன்.

வேர்த்தூவி:
வேளை கிடைத்தால் முதல் பாடம் சவ்வூடுபரவல், செல் சவ்வின் வழியே தண்ணீர் நகர்வது. கண்ணாடிவில்லை சிமுலேஷனில் நடத்தட்டும், நான் வெங்காயத் தோலை நேரலையில் காட்டுகிறேன். இரண்டு வகுப்புக்கும் இலைத்துளை மேடமே கேள்வி தயாரிக்கட்டும். காற்றுக்குமிழியும் அதில் வர வேண்டும்.